பாம்பன் பாலத்துக்கு நாடி பார்த்த கதை

உத்திரமேரூர் என்றதும் குடவோலைத் தேர்தல்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள். ஆனால் ஓலை விழுந்தவர்களுக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அதில் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர், 360 நாள் பதவி, ஊர் ஏரியைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு. கட்டியதைப் பார்த்துக்கொண்டே இருக்கவும் ஆள் வேண்டும் என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள்!

ஏரிக்கரையில் நடந்துபோய்ப் பார்த்துவிடலாம். கடலுக்கு நடுவே நிற்கும் இரும்பை எப்படிப் பார்ப்பது?

மண்டபத்தையும் ராமேஸ்வரம் தீவையும் இணைக்கும் பழைய பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24ல் திறக்கப்பட்டது. நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே எழும். அந்த அமைப்புக்கு ஷெர்ஸர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயர். ஆட்கள் கையால் சுற்றித்தான் அதைத் திறந்தார்கள்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலை யாரும் மறக்க மாட்டார்கள். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலை, ஊரை நெருங்கும் நேரத்தில் அலை அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்த யாரும் பிழைக்கவில்லை. பாலத்தின் பெரும்பாலான கர்டர்களும் கடலுக்குள் போயின. தூக்குப் பகுதி மட்டும் தப்பியது. இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் (பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர்) 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்.

புயல் சொல்லிவிட்டு வருகிறது. காற்றை அளக்கும் கருவி பாம்பனில் இருந்தது. வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும், ரயில் நின்றுவிடும். துரு அப்படி இல்லை. சத்தம் போடாமல் உள்ளே இருந்து தின்னும். காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தேய்மானம் என்றால் வருடா வருடம் கணக்கில் எழுதும் ஒரு தொகை. நேர்கோட்டு முறையில் எழுதினால் எல்லா வருடமும் ஒரே தொகை. உப்புக்காற்றுக்கு நேர்கோடெல்லாம் தெரியாது.

2018 டிசம்பரில் தூக்குப் பகுதியில் விரிசல் தெரிந்தது. ஏறத்தாழ மூன்று மாதம் ரயில் ஓடவில்லை. அதன் பிறகு சென்னை ஐ.ஐ.டி. பாலத்தில் சென்சார்களைப் பொருத்தியது.

அவை என்ன செய்யும்? ஒரு வகை, இரும்போடு ஒட்டிய மெல்லிய உலோகப் பட்டை. ரயில் ஏறும்போது இரும்பு மயிரிழை நீண்டாலும் பட்டையும் நீளும், அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை வைத்து இரும்பு எவ்வளவு இழுபடுகிறது என்று கணக்கிடுவார்கள். இன்னொரு வகை அதிர்வை அளக்கும். ஒவ்வொரு பாலத்துக்கும் சொந்தமாக ஓர் அதிர்வு உண்டு. கம்பி தளர்ந்த வீணையின் சுருதி இறங்குவதுபோல, உறுதி குறைந்தால் அந்த அதிர்வும் குறையும். வெயில் ஏறினாலும் சற்று மாறும் என்பதால் வெப்பத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நாடி பிடிக்கும் வைத்தியர் முதலில் நல்ல நாடி எது என்று தெரிந்திருக்க வேண்டும் இல்லையா, அதே கதைதான்.

அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரப் பாலம் 2007 ஆகஸ்ட் 1ல் இடிந்து 13 பேர் இறந்தார்கள். அடுத்த வருடமே கட்டிய புதிய பாலத்தில் பிறக்கும்போதே 300க்கும் மேற்பட்ட சென்சார்களை வைத்தார்கள். பாம்பனுக்கு அவை நூறு வயதைத் தாண்டிய பிறகுதான் கிடைத்தன.

ஆனாலும் வேலை செய்தன. 2022 டிசம்பரில் சென்சார்கள் அபாய எச்சரிக்கை கொடுத்தன. டிசம்பர் 23ல் ரயில் நிறுத்தப்பட்டது, பழைய பாலத்தில் பிறகு ஓடவே இல்லை. மக்களுக்குக் கஷ்டம்தான்! யாத்திரை வந்தவர்கள் மண்டபத்தில் இறங்கி, மூட்டை முடிச்சோடு பஸ் பிடித்து, 1988ல் திறந்த சாலைப் பாலம் வழியாக ராமேஸ்வரம் போனார்கள். இரண்டு வருடத்துக்கும் மேல் இப்படித்தான். முணுமுணுப்பு நிறைய இருந்திருக்கும். இடியாத பாலத்துக்காக யார் நன்றி சொல்லப்போகிறார்கள்?

பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ல் திறக்கப்பட்டது. அதில் 72.5 மீட்டர் நீளப் பகுதி லிப்ட் மாதிரி நேராக மேலே போகிறது. கையால் சுற்ற வேண்டியதில்லை, மோட்டார் பார்த்துக்கொள்கிறது.