தகட்டெழுத்தும் தட்டெழுத்தும்

ஊவா மலைத் தோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் கோப்பி, தேயிலை, கூலி, கங்காணி ஆகியவை பற்றி விரித்துரைப்பர். அத்தோட்டங்களில் எழுத்து வகித்த பங்கு அத்துணை நோக்கப்பட்டதில்லை.

தேயிலைப் பெட்டியின் பலகையிலே தோட்டத்தின் பெயர், தரம், நிறை ஆகியவற்றைத் தாங்கி நின்றவை தடித்த எழுத்துக்கள். உலோகத் தகட்டில் எழுத்தை வெட்டி, அதன்மேல் மையைத் தேய்த்துப் பதிப்பர். வெட்டுவோனுக்கு முனைக்கோடுகள் இடையூறு. ஆகவே எழுத்து மொட்டையாயும் பருமனாயும் அமைந்தது. வட்டமான எழுத்தின் நடுப்பகுதி கழன்று விழாதிருக்கச் சிறு பாலங்கள் விடப்பட்டன. முனைக்கோடற்ற அச்செழுத்தை 1816இல் இலண்டனிலே நான்காம் வில்லியம் காஸ்லன் தமது மாதிரி நூலிற் காட்டியிருந்தார். தொலைவிலிருந்தும் படிக்கத்தக்க அவ்வடிவம் விளம்பரத்துக்கும் வணிகப் பொதிக்கும் உரியதாயிற்று.

மனிதரையும் ஏறத்தாழ இவ்வாறே குறியிட்டனர் என்பது கசப்பான செய்தி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருக்கு எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லை வழங்கப்பட்டது. ஆளின் பெயரன்று, அவர் சேரவேண்டிய தோட்டத்தின் குறியே அதில் முதன்மை பெற்றது.

பின்னர் தோட்டக் காரியாலயத்திற்குத் தட்டச்சுப்பொறி வந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் வண்டி ஒரே அளவே நகரும்; மெலிந்த 'ஐ'யும் அகன்ற 'எம்'மும் சம இடம் பெறும். இலக்கங்கள் நிரல் பிசகாது ஒன்றன்கீழ் ஒன்றாய் நிற்பதால் கணக்கேட்டுக்கு இதனினும் ஏற்றது வேறில்லை. தமிழுக்கோ இது பெரும் இடர்ப்பாடு. 'ர'வும் 'ஞ'வும் ஒரே அகலத்தில் அடங்க வேண்டும். புள்ளியும் விசிறியும் எழுத்தின் தலைமேல் ஏற வேண்டும். சுன்னாகத்தில் 1886இல் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா நகரா விசைகளை அமைத்து இதனைத் தீர்த்தார். புள்ளியை முதலில் தட்ட, வண்டி அசையாது நிற்கும். அடுத்த எழுத்து அதன்கீழ் வந்தமரும். எளிய தந்திரமாயினும் வியக்கத்தக்கது.

ஆயின் தோட்டக் காரியாலயத்தின் மொழி ஆங்கிலமாகவே இருந்தது. ஒரே தமிழ்ப் பெயர் பிறப்புச் சான்றில் ஒருவாறும் செக்ரோலில் வேறொருவாறும் எழுதப்பட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்பின் ஆவணமே வாழ்வாகியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. அடையாள அட்டை வந்தபோது 9 இலக்கங்களின் ஈற்றில் ஓரெழுத்து நின்றது: வாக்குரிமை உடையார்க்கு 'வி', அஃதில்லார்க்கு 'எக்ஸ்'. ஓரெழுத்து இத்துணைப் பாரத்தைச் சுமந்தமை அரிது. நாடற்றோராய் எஞ்சியோருக்கு வழிதிறந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். 2016 முதல் அட்டை எண் 12 இலக்கமாகியது, எழுத்து நீங்கிற்று.

2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தவில் மலை சரிந்து லயன்களை மூடிற்று. கொழுந்தின் நிறையை நாடோறும் பதிந்துவந்த தோட்டம் அது. புதையுண்டோர் எத்தனை பேர் என்பதற்கு உடனடி விடை எந்த ஏட்டிலும் கிட்டவில்லை. முதலில் நூற்றுக்கணக்கில் கூறப்பட்டது. பின்னர் அத்தொகை பன்மடங்கு குறைந்தது. தப்பிப் பிழைத்தோரை முகாம்களில் ஒவ்வொருவராய்ப் பெயர் கேட்டு எண்ணவேண்டியதாயிற்று.