குண்டூசி: தையலிலும் கைவினையிலும்

துணி, தாள், ரேந்தை, மணி முதலியவற்றைத் தற்காலிகமாகக் குத்தி நிறுத்துவதற்கான மெல்லிய கம்பித் துண்டு குண்டூசி எனப்படும். ஒரு முனை கூராகவும் மறுமுனை தலையுடனும் இருக்கும். தையலூசிக்கு உள்ளதைப்போல நூல் கோக்கும் காது இதற்கு இல்லை. வேலை முடிந்ததும் உருவி எடுக்கப்படுவது என்பதால், தைத்து முடித்த உடுப்பில் இதன் தடமே இருக்கக்கூடாது. ஊக்கு என்றும் சேப்டி பின் என்றும் வழங்கும் பூட்டுப் பின், தலைச்சீலையில் குத்தும் ஸ்காப் பின், பூச்சி ஆய்வாளரின் நீள ஊசி ஆகியவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

பழைய தகரப் பேணி ஒன்றிலோ தையற்கடை மேசை இலாச்சியிலோ அகப்படும் இனந்தெரியாத குண்டூசியைப் பெரும்பாலும் அதன் தலையை வைத்தே மதிப்பிடுகிறார்கள். கடற்கரை ஊர்களில் அது போதாது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கரையில் உப்புக்காற்று ஓயாது வீசுகிறது. நிக்கல் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தாலே உள்ளிருக்கும் உருக்கு துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். வெள்ளை ஜுப்பாவின் கை மடிப்பில் ஒரு குண்டூசியை ஈரநாட்களில் மறந்து விட்டுவிட்டால், அதை உருவும்போது துளையைச் சுற்றிக் கடுகளவில் ஒரு பழுப்பு வளையம் தெரியும். தேசிக்காய்ச் சாற்றின் அமிலம் அதைக் கரைக்கும். குளோரின் கலந்த வெளுப்பானோ கறையை இன்னும் ஊன்றச் செய்யும். எனவே இங்கு முதலில் பார்க்க வேண்டியது உலோகம்.

அதற்குக் காந்தமே போதும். பித்தளை ஊசி காந்தத்தில் ஒட்டாது. நிக்கல் பூசிய உருக்கு ஊசி துள்ளிப் போய் ஒட்டும். துருவேறா உருக்கு ஊசி ஒட்டாமலும் இருக்கலாம், இலேசாக இழுபடவும் செய்யலாம். கம்பியாக இழுக்கும்போது அந்த உலோகம் சிறிது காந்தத்தன்மை பெறுவதே காரணம். பித்தளைக்குத் துரு இல்லை என்றாலும் களிம்பு உண்டு. வெண்பட்டில் நெடுநாள் குத்தி வைத்தால் பச்சை ஏறும்.

குண்டூசியின் முன்னோடிகள் முள்ளும் எலும்பும். இலையை மடித்து ஈர்க்கால் குத்திக் கோப்பையாக்கும் வழக்கம் அந்தத் தொழில்நுட்பத்தின் உயிருள்ள எச்சம். சிந்துவெளியில் ஹரப்பாவிலும் மொகெஞ்சதாரோவிலும் விலங்குத் தலை வைத்த உலோகக் குத்தூசிகள் கிடைத்துள்ளன. தமிழ்நாட்டின் கீழடி அகழாய்வில் கூராக்கப்பட்ட எலும்பு முனைகள் கிடைத்தன. அவை நெசவில் உருவம் வரையப் பயன்பட்டிருக்கலாம் என்று கருதப்படுகிறது. உரோமர் உடையில் குத்திய வில் வடிவப் பின், இன்றைய ஊக்கின் மூதாதை.

ஐரோப்பாவில் குண்டூசி அரசு தலையிடும் அளவுக்குப் பெரிய பண்டமாக இருந்தது. தலை கழன்று விழும் ஊசிகள் சந்தையில் பெருகியதால், தலையைத் தண்டோடு உறுதியாகப் பற்றவைத்த ஊசியையே விற்க வேண்டும் என்று 1543இல், எட்டாம் ஹென்றியின் காலத்தில், இங்கிலாந்து சட்டம் இயற்றியது. 1626இல் ஜோன் டில்ஸ்பி குளொஸ்டர் நகரில் தொடங்கிய பட்டறையால் அந்நகரம் இத்தொழிலுக்குப் பேர்போனது. பிரான்சில் நோர்மண்டியின் லேய்கிள் அத்தகைய ஊர். தீதரோவின் கலைக்களஞ்சியம் 1755இல் வெளியான ஐந்தாம் தொகுதியில் குண்டூசிக்கெனத் தனிக்கட்டுரை ஒதுக்கியது. எழுதியவர் அலெக்சாண்டர் தெலேர். ஒரு ஊசி உருவாகப் பதினெட்டு வேலைகள் என்று அதில் அவர் அடுக்கினார். அதே பதினெட்டை 1776இல் ஆடம் ஸ்மித் எடுத்தாண்டு, பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு ஒரு நாளில் 48,000 ஊசிகள் செய்வதாகக் கணக்குக் காட்டினார். பொருளியல் படிக்கும் மாணவர் எவரும் இந்த உதாரணத்தைக் கடந்தே வருகிறார்.

அந்தப் பதினெட்டில் தலை செய்வதே நுணுக்கமான வேலை. தனிக் கம்பியொன்றைச் சுருளாகச் சுற்றி, இரண்டு சுற்றுக்கு ஒன்றாக நறுக்கி, தண்டின் நுனியில் ஏற்றி அடித்து இறுக்குவார்கள். பழைய ஊசியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் தலையில் அந்தச் சுற்று இன்றும் தெரியும். 1824இல் லெமுவெல் ரைட், தண்டின் நுனியையே நசுக்கித் தலையாக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1832இல் அமெரிக்கரான ஜோன் அயர்லண்ட் ஹாவ் இன்னொரு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆகவே சுற்றுத் தலை உள்ள ஊசி பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தியது. அக்காலப் பித்தளை ஊசிகளை வெள்ளீயத்தோடும் திராட்சை உப்போடும் சேர்த்துக் காய்ச்சி வெண்மையாக்கினர். அந்தப் பூச்சு தேய்ந்த இடத்தில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். 1849இல் நியூயோர்க்கின் வோல்டர் ஹண்ட், ஒரே கம்பியை வளைத்து ஊக்கு செய்து காப்புரிமை எடுத்து, அதை 400 டொலருக்கு விற்றுவிட்டார்.

தெற்காசியாவில் குண்டூசியின் தேவையைப் பெருக்கியது ரேந்தை. போத்துக்கேயர் கொண்டுவந்த பீரளு ரேந்தை காலி, வெலிகம பகுதிகளில் வேரூன்றியது. உருளைத் தலையணையில் புள்ளியிட்ட தாளைப் பொருத்தி, ஒவ்வொரு புள்ளியிலும் ஊசி குத்தி, நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னுவார்கள். இந்தியக் கரையில், 1819இல் கணவர் சார்ல்ஸுடன் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் இக்கலையைக் கற்பித்தார். அவர் மகளும் கால்டுவெல்லின் மனைவியுமான எலைசா அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். பெரிய ரேந்தை கிழமைக்கணக்கில் தலையணையிலேயே கிடக்கும். அதில் ஒரு ஊசி துருப்பிடித்தாலும் முழு உழைப்பும் பாழ். ரேந்தைக்காரர் பித்தளையையும் துருவேறா உருக்கையுமே நாடுவது இதனால்தான். அம்பாறைக் கரையின் தையல்காரருக்கும் இதுவே சரியான தெரிவு.

உலோகம் தெரிந்தபின் நீளமும் தடிப்பும். ஆங்கிலேய முறையில் குண்டூசியின் இலக்கம் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கைக் குறிக்கும். 16 என்றால் ஓர் அங்குலம், 20 என்றால் ஒன்றேகால், 28 என்றால் ஒன்றேமுக்கால். அரை அங்குலமுள்ள 8ஆம் இலக்கம் சீக்குவின் எனும் பளபளப்புத் தகடு பதிப்பதற்கானது. பட்டுக்கு 0.5 மில்லிமீற்றர் தடிப்பு பொருந்தும். ஒட்டுத்துணி வேலைக்கு 0.4 போதும். அதைவிடத் தடித்தது மெல்லிய சிபோனில் நிரந்தரத் துளை விட்டுவிடும். பின்னல் துணிக்கு முனை மழுங்கிய ஊசி தேவை. கூர்முனை இழையை அறுக்கும். மழுங்கிய முனை இழைகளை விலக்கிக்கொண்டு போகும்.

தலை கடைசியில் வருகிறது. கண்ணாடித் தலை இஸ்திரிக்கைச் சூட்டைத் தாங்கும். பிளாஸ்டிக் தலை உருகித் துணியில் ஒட்டும். தட்டையான பூத்தலை ஊசியின் மேல் அடிமட்டத்தை ஆடாமல் வைத்து வெட்டலாம். ஆங்கில டி எழுத்தைப் போன்ற குறுக்குத் தலை, பொய்முடி கட்டுவோருக்கும் மெத்தை தைப்போருக்கும் முடிச்சுக் கைவினை செய்வோருக்கும் உரியது. இரட்டைக் கால் கொண்ட யூ வடிவ ஊசி, கட்டம் போட்ட துணியில் கோட்டோடு கோடு பொருந்தப் பிடித்து நிறுத்தும். பேரிக்காய் வடிவ ஊக்கு விலைச்சீட்டு தொங்கவிடவும், பின்னலில் கண் அடையாளமிடவும் உதவும். வளைந்த ஊக்கு மெத்தைவிரிப்பின் மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும். 38 மில்லிமீற்றர் நீளத்தில், தலை சிறுத்து, தண்டு மயிரிழையாய் இருந்தால் அது பூச்சி ஊசி. 000 முதல் 7 வரை இலக்கமிட்டு வரும் இதைப் பொம்மை செய்வோரும் வாங்குகிறார்கள். நுனி கூராகாமல் தட்டையாக வெட்டப்பட்டிருந்தால் அது மணி கோத்து வளைக்கும் நகைக் கம்பி. அதைத் துணியில் குத்தக்கூடாது. மருதமுனையின் கைத்தறியையும் இங்கே சேர்க்க வேண்டும். நெய்யும்போது சாரமோ சேலையோ அகலம் சுருங்காதபடி இழுத்துப் பிடிக்கும் குச்சியின் இரு முனைகளிலும் உள்ள கூர்களும் ஒருவகைக் குண்டூசிகளே.

இந்த ஊர்களில் அன்றாடம் மிகுதியாகப் புழங்குவது ஸ்காப் பின். முத்துத் தலை வைத்த நீள ஊசி, பிளாஸ்டிக் உறையுள்ள ஊக்கு, துளையிடாமல் இரு வில்லைகளால் கவ்வும் காந்தப் பின் என மூன்று வடிவங்கள் உண்டு. முதலாவதால் ஒரு ஆபத்து இருக்கிறது. முக்காட்டைச் சரிசெய்ய இரு கையும் வேண்டியிருப்பதால் பலர் ஊசியைப் பல்லிடையே கவ்விக்கொள்கிறார்கள். பேசும்போதோ சிரிக்கும்போதோ அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடுகிறது. துருக்கி, எகிப்து மருத்துவர்கள் இதைத் தனியொரு நோயாளர் வகையாகவே பதிவு செய்துள்ளனர், பெரும்பாலோர் இளம்பெண்கள். மணிக்கட்டில் கட்டும் சிறு ஊசிமெத்தை ஒன்று இருந்தால் இந்தப் பழக்கமே தேவையில்லை. காந்தப் பின்னைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். இதயமுடுக்கி பொருத்தியவர் அணியக்கூடாது.

சாதாரண வகைகள் கல்முனை, அக்கரைப்பற்றுக் கடைகளிலேயே கிடைக்கின்றன. அடுத்த படி கொழும்பு புறக்கோட்டை. அபூர்வமானவற்றுக்கு உற்பத்தியாளர் பெயர் தெரிந்திருப்பது நல்லது: 1530இல் தொடங்கிய ஜேர்மனியின் ப்ரிம், லேய்கிளின் பக்கத்தில் 1833 முதல் இயங்கும் பிரான்சின் போஹின், ஜப்பானின் குளோவர், ஹிரோஷிமாவின் டியூலிப். மலிவுச் சரக்கு பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது சுங்கத் தலைப்பும் முக்கியம். உருக்கு, இரும்புக் குண்டூசியும் ஊக்கும் 7319.40இல் அடங்கும், கொண்டை ஊசி 9615இல் சேரும்.

மொத்தமாக வாங்கும் முன் ஒரே ஒரு பெட்டியை எடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். நாலைந்து ஊசிகளை உப்புநீரில் நனைத்த பஞ்சில் குத்தி, ஓரிரவு மூடி வைக்க வேண்டும். பூச்சு மட்டமானது என்றால் விடியும்போது கூரிலும் தலையடியிலும் பழுப்பு அரும்பியிருக்கும்.