குருவானவர் இல்லாத பாஸ்கா

ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், பாஸ்கா காலத்திலாவது நற்கருணை வாங்க வேண்டும் என்பது 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் கத்தோலிக்கர் எல்லோருக்கும் விதித்த கடமை. இரண்டுக்கும் குருவானவர் வேண்டும். குரு இல்லையென்றால் பூசை இல்லை, பாவமன்னிப்பு இல்லை, அப்பம் இல்லை. 1658 ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கையில் விழுந்தபோது, வடக்கிலங்கைக் கத்தோலிக்கர் இந்த நிலைக்குத்தான் தள்ளப்பட்டார்கள். போர்த்துக்கேயரோடு குருக்களும் வெளியேற்றப்பட்டார்கள். கத்தோலிக்கக் குருவை மறைத்து வைப்பவருக்கு மரண தண்டனை என்று அந்த ஆண்டு செப்டெம்பரிலேயே கட்டளை பிறந்தது. கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் வந்து சேர்ந்தது 1687-இல். இடையில் ஏறத்தாழ முப்பது உயிர்த்த ஞாயிறுகள். மறைவாக வந்துபோன குரு எவரேனும் இருந்திருந்தாலும், ஊர் ஊராக ஒரு மக்கள் கூட்டம் தன் பாஸ்காக் கடமையை நிறைவேற்ற வழியே இல்லாமல் ஒரு தலைமுறைக் காலம் கழிந்தது. ஆயினும் வாஸ் அடிகளார் வந்தபோது அவரைத் தேடி வர ஆட்கள் இருந்தார்கள். அவர்களை விசுவாசத்தில் நிலைக்க வைத்திருந்தது எது? கிறிஸ்துவின் பாடுகளையும் மரணத்தையும் ஆண்டுதோறும் தாமாகவே நினைவுகூர்ந்த பொதுநிலை மக்களே இந்த வரலாற்றின் முதன்மைச் சாட்சிகள் என்பதும், பின்னால் வந்த குருக்களின் பெரிய சாதனை இந்த உண்மையைப் புரிந்துகொண்டதே என்பதும் என் வாதம்.

ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கராய் இருப்பதன் விலையை முதலில் கணக்கிட வேண்டும். புதிய ஆட்சி கோயில்களை இடிக்கவில்லை. போர்த்துக்கேயர் வகுத்த கோவில்பற்றுகளையும் கட்டிய கோவில்களையும் பள்ளிகளையும் அப்படியே எடுத்து, உருவங்களை அகற்றி, சீர்திருத்தச் சபையின் வழிபாட்டுக்கு ஆக்கிக்கொண்டது. 1658 முதல் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பிலிப்பஸ் பால்டேயஸ் என்ற ஒல்லாந்தப் போதகர், 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான தம் நூலில் தெல்லிப்பழை, மல்லாகம், அச்சுவேலி என்று கோவில் கோவிலாக எழுதிச் செல்கிறார். அவர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவராய்ப் பதிந்திருந்தவர்கள் 60,000-க்கு மேல். இந்தத் தொகை மனமாற்றத்தின் அளவைச் சொல்வதாக எடுத்துக்கொள்ள முடியாது. பிள்ளையின் ஞானஸ்நானம் பாடசாலைத் தோம்பு என்ற பதிவேட்டில் ஏற வேண்டும், திருமணம் அங்கேயே பதிவாக வேண்டும். பதிவில்லாத திருமணத்துக்குச் சட்ட மதிப்பில்லை. அதில் பிறந்த பிள்ளைக்குச் சொத்துரிமை சிக்கலாகும். அரசாங்க உத்தியோகம் அந்தச் சபையைச் சேர்ந்தவருக்கே. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் தண்டப் பணம். காணி, கல்யாணம், வேலை ஆகிய மூன்றையும் ஒரே புத்தகத்துக்குள் கட்டிவைத்த ஏற்பாடு அது. தூக்குமரத்தைவிட இந்தப் புத்தகம்தான் மக்களை அன்றாடம் நெருக்கியது.

முதல் ஆட்சேபம் இங்கேயே எழுகிறது. கத்தோலிக்கரும் அந்தப் புத்தகத்தில் பெயர் எழுதிக்கொண்டார்கள்தானே? பிள்ளைகளை ஒல்லாந்தர் கோவிலுக்குக் கொண்டுபோய் ஞானஸ்நானம் பெறுவித்தார்கள், அங்கே கல்யாணம் பதிந்தார்கள், போதனைக்கும் போனார்கள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று வாழ்ந்தவர்களைச் சாட்சிகள் என்பதா? கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் இரண்டு செய்திகளை நிறுத்துப் பார்க்க வேண்டும். தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் கொடுக்கப்படும் ஞானஸ்நானம், கொடுப்பவர் பிரிந்த சபையைச் சேர்ந்தவரானாலும் செல்லும் என்பது திரிதெந்து சங்கம் வரையறுத்த கத்தோலிக்கப் போதனை. ஆகவே அந்தப் பிள்ளைகள் கத்தோலிக்கத் திருச்சபையின் கண்ணிலேயே உண்மையாக ஞானஸ்நானம் பெற்றவர்கள். போதனைக்குப் போனது அவ்வளவு எளிதாக நியாயப்படுத்தக்கூடியதன்று. அதற்கு ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. கி.பி. 250-இல் தேசியஸ் பேரரசன் எல்லோரும் உரோமைத் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்றபோது, பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கிய கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் அதைக் குற்றமற்றது என்று சொல்லவில்லை. அவர்களை வெளியே தள்ளிக் கதவை அடைக்கவும் இல்லை. தவம் செய்வித்துச் சேர்த்துக்கொள்ளும் வழியைத் திருச்சபை அன்றே வகுத்தது. சிறையிலோ கொலைக்களத்திலோ முடிந்த வாழ்க்கையை மட்டும் சாட்சியம் என்று கொண்டால், மூன்றாம் நூற்றாண்டுத் திருச்சபையில் பாதி காணாமற்போகும். மறைந்து விரதம் காத்த சைவ வீடுகளும் அதே யாழ்ப்பாணத்தில், அதே புத்தகத்தில் பெயர் எழுதிக்கொண்டே தம் வழிபாட்டைக் காப்பாற்றின. அவர்களை நாம் போலிகள் என்று சொல்வதில்லை. அந்த நீதியைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் வழங்க வேண்டும்.

துணிந்து விலை கொடுத்தவர்களும் இருந்தார்கள். மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தை எடுத்துக்கொண்டு 1670-இல் இருபது குடும்பங்கள் வன்னிக் காட்டுக்குள் போனதாக மடுத் திருத்தல மரபு சொல்கிறது. 1690-ஐ ஒட்டிய ஒரு கிறிஸ்துமஸ் இரவில், பூசைக்குக் கூடியிருந்த யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒல்லாந்தச் சிப்பாய்கள் புகுந்தார்கள். வாஸ் அடிகளார் தப்பிவிட்டார். பிடிபட்ட பொதுநிலையினர் அடியும் சிறையும் அனுபவித்தார்கள். டொன் பேத்ரு என்பவர் அடியின் கொடுமையால் இறந்தார். குருவைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவர்கள் தப்பித்திருக்கலாம்.

அந்தக் குரு வந்த விதமும் கவனிக்கத்தக்கது. வாஸ் அடிகளார் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில் தோணியேறி, ஒரே ஒரு துணையாளோடு மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வந்தார். வந்ததும் வயிற்றுக்கடுப்பில் விழுந்து, ஏழைகள் கொடுத்த கஞ்சியில் பிழைத்தார். கத்தோலிக்கர் யார் என்று கேட்கவும் முடியாது, தன்னைச் சொல்லவும் முடியாது. கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். அந்த மாலையைக் கண்டு முகம் மாறியவர்களை வைத்தே அவர் ஆட்களை அறிந்தார். ஒரு குடும்பம் அவரைச் சில்லாலைக்கு அனுப்பியது. அந்தக் கிராமமே அவருக்கு முதல் இருப்பிடமாயிற்று. செபமாலை என்பது குரு இல்லாமல் சொல்லக்கூடிய செபம். இயேசுவின் பிறப்பையும் பாடுகளையும் உயிர்ப்பையும் விரல்களால் எண்ணிப் போகும் அந்தச் செபத்தை, முப்பது ஆண்டுகள் எவரோ அங்கே சொல்லிக்கொண்டிருந்ததால்தான் அந்த அடையாளம் வேலை செய்தது. அவர்கள் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. பெரும்பாலும் பெண்களாயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். வீட்டுச் செபம் நம் ஊர்களில் என்றும் பெண்கள் கையில்தான் இருந்திருக்கிறது.

வாஸ் அடிகளாரும் அவருக்குப் பின் கோவாவிலிருந்து வந்த ஒரத்தோரியன் சபைக் குருக்களும் எண்ணிக்கையில் மிகச் சிலர். தீவு முழுதும் நடந்தே சுற்றிய அவர்களால் ஓர் ஊருக்கு ஆண்டில் ஓரிரு முறை வருவதே அரிது. பெரிய வெள்ளியன்று எல்லா ஊரிலும் இருக்க அவர்களால் முடியாது. அதனால் ஊர் தோறும் மூப்பரை வைத்தார்கள்; செபம் சொல்லவும் பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிக்கவும் அண்ணாவியாரை வைத்தார்கள். பொதுநிலையினர் நடத்தும் சபை என்று இன்று புதிதாகப் பேசப்படுவது, இங்கே தேவையினால் முந்நூறு ஆண்டுக்கு முன்பே நடைமுறையாயிற்று. ஆனால் அண்ணாவியார் கையில் படிக்க ஏதேனும் வேண்டுமே. 1705-இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் அதைக் கொடுத்தார். 1676-இல் கோவாவின் திவார் தீவில் பிறந்த கொங்கணியர் அவர். தமிழும் சிங்களமும் கற்று இரண்டிலும் நூல்கள் எழுதினார். தமிழர் அவரைச் சாங்கோபாங்க சுவாமிகள் என்றார்கள். தபசுகாலத்துக்கென்று அவர் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கம், கெத்சமனி முதல் கல்லறை வரையான பாடுகளைப் புலம்பல் நடையில் சொல்லும் உரைநடை நூல்.

இந்த நூலைப் பக்தி இலக்கியமாகப் போற்றுபவர்கள் பலர். அதன் உபாயத்தைப் போதிய அளவு கவனித்தவர்கள் குறைவு. ஒல்லாந்தர் 1737 முதல் கொழும்பில் அச்சுக்கூடம் வைத்து வேதபுத்தகங்களை அச்சிட்டார்கள். கத்தோலிக்கருக்கு அச்சும் இல்லை, ஊருக்கொரு குருவும் இல்லை. ஆனால் இந்த நூலை எழுத்தாணியால் ஓலையில் பிரதி எடுக்கலாம், ஒருவர் வாசிக்க ஊரே கேட்கலாம், ராகத்தோடு படித்தால் எழுத்தறியாதவர் மனத்திலும் நிற்கும். பூசைக்குப் பீடமும் பாத்திரமும் திருவுடையும் வேண்டும்; அகப்பட்டால் அவையே சான்றாகும். பாடுகளின் வரலாற்றைக் கேட்டு அழுவதற்கு ஒரு விளக்கும் ஒரு குரலும் போதும். அதே வரலாற்றை ஒல்லாந்தர் பள்ளியிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதால், அதைக் கேட்டிருந்ததைக் குற்றமாக்குவதும் எளிதாயிருந்திராது. குரு இன்றிச் செய்ய முடியாத பாஸ்காவிலிருந்து, குரு இன்றிச் செய்யக்கூடிய பகுதியைப் பிரித்தெடுத்து அதற்கு அழியாத வடிவம் கொடுத்தார் கொன்சால்வெஸ். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பசாம் படித்தல் என்று வழங்கும் மரபு இதிலிருந்து தழைத்தது. பேசாலையில் உருவங்களைக் கொண்டு நிகழ்த்தும் உடக்குப் பாஸ் போன்ற பாடுகளின் காட்சிகளும் இதே வேட்கையின் கிளைகள்.

இரண்டாவது ஆட்சேபம் விசுவாசிகளிடமிருந்தே வருவது. பாஸ்கா என்றால் உயிர்ப்பு. சாவை வெல்லும் செய்தியை ஒப்பாரியாகச் சுருக்கிவிட்டால் அது கிறிஸ்தவ சாட்சியமாகுமா? பெரிய வெள்ளிக்கு நிரம்பி வழியும் கோவில், உயிர்த்த ஞாயிறு விடிவதற்குள் பாதி ஆவதைக் காட்டி இக்கேள்வியைக் கேட்கும் குருக்கள் உண்டு. நான் இதற்கு நற்செய்திகளைக் கொண்டே விடை சொல்வேன். வெற்றுக் கல்லறையை முதலில் கண்டவர்கள், சிலுவை அருகே நின்று அழுத பெண்கள். பிணத்துக்குப் பூச நறுமணப் பொருள் எடுத்துக்கொண்டு போனவர்கள். ஓடி ஒளிந்தவர்கள் பின்னால்தான் வந்தார்கள். நான்கு நற்செய்திகளும் தம் நீளத்துக்குப் பொருந்தாத அளவு இடத்தைப் பாடுகளுக்கே ஒதுக்குகின்றன. அப்பம் உண்ணும்போதெல்லாம் ஆண்டவருடைய மரணத்தை அறிவிக்கிறீர்கள் என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுல்தான் உயிர்ப்பு இல்லையேல் விசுவாசம் வீண் என்றும் எழுதினார். தவிர, தமிழரிடம் ஒப்பாரி என்பது செத்தவரைக் கைவிடாத செயல். அவர் பெருமையைச் சொல்லி, அவருக்குச் செய்த அநியாயத்தைச் சொல்லி, ஊரைக் கேட்க வைப்பது. அநியாயமாகக் கொல்லப்பட்டவர் ஒருவருக்காக ஆண்டுதோறும் ஊர் கூடிக் குரலெடுப்பது, அவர் மடிந்தொழிந்தார் என்று ஒப்புக்கொள்ள மறுப்பது. உயிர்ப்பின் பாடல்கள் இந்த மரபில் வளம் குன்றியிருப்பது குறைதான், அது பிழையன்று.

மூன்றாவது ஆட்சேபமே கடினமானது. போர்த்துக்கேயர் வாளோடு கொண்டுவந்த மதத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததில் என்ன உண்மை இருக்கிறது? 1619-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள். சலுகைக்கும் அச்சத்துக்கும் ஆளாகி மாறியவர்கள் ஏராளம். இதை மறைத்து எழுதப்படும் திருச்சபை வரலாறு நேர்மையற்றது. ஆனால் வாள் 1658-இல் கை மாறிவிட்டது. அதன் பின் கத்தோலிக்கராய் இருப்பதால் கிடைப்பது நட்டமே. அச்சத்தினால் வந்தவர்கள் போய்விட்டார்கள். சைவத்துக்குத் திரும்பியவர்கள் தம் மனச்சாட்சிப்படி திரும்பினார்கள். எஞ்சியவர்களை எஞ்சச் செய்தது எந்த அரசும் அன்று. அவர்களுக்கு உதவ வந்தவர்களும் ஐரோப்பியர் அல்லர். ஆயுதமும் கொடியும் இல்லாமல், கோவாவிலிருந்து வந்த இந்தியக் குருக்கள். அவர்களுக்குக் கண்டியில் புகலிடம் தந்தவன் விமலதர்மசூரியன் என்ற பௌத்த அரசன்.

விளைவைப் பார்த்தால் இந்த வாதம் வலுப்படும். 1796-இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தது. கத்தோலிக்கர் மீதான தடைகளை 1806-இல் ஆளுநர் தாமஸ் மெயிற்லண்ட் சட்டம் மூலம் நீக்கினார். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தைப் பார்த்த கிளாடியஸ் புக்கானன் என்ற ஸ்கொத்லாந்துப் புரொட்டஸ்தாந்தப் போதகர், பால்டேயஸ் வியந்து எழுதிய கோவில்கள் வெறிச்சோடிக் கிடந்ததை வருத்தத்தோடு குறித்தார். ஏறத்தாழ நூற்று நாற்பதாண்டுக் காலம் பள்ளி, பதிவு, பதவி என்று எல்லாம் வைத்திருந்த சபை சில ஆண்டுகளில் கரைந்துபோயிற்று; ஒன்றும் இல்லாத சபை நின்றது. ஒல்லாந்தப் போதகர்களில் உண்மையான தொண்டர்கள் இருந்தார்கள், அவர்களின் தமிழ்ப் பள்ளிகள் செய்த நன்மையும் உண்டு. ஆனால் தம் மக்கள் தாமே படித்து, தாமே அழுது, தாமே காக்கக்கூடிய ஒன்றை அவர்கள் விட்டுச் செல்லவில்லை.

யோசப் வாஸ் அடிகளாரை 2015 ஜனவரியில் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். தகுந்தவருக்குத் தகுந்த பெருமை. ஆனால் இலங்கைக் கத்தோலிக்கத்தின் மறுபிறப்பை அவர் கரையேறிய 1687-இலிருந்து தொடங்கும் வழக்கத்தை மாற்றவேண்டும். முதல் அத்தியாயம், கோவிலும் குருவும் பறிபோன பின் வந்த முதல் தபசுகாலமான 1659-இலிருந்து எழுதப்பட வேண்டும். அதற்கான ஆவணம் குறைவுதான். ஒல்லாந்தர் தோம்புகளிலும் தடைக் கட்டளைகளிலும் எதிர்ப்பக்கமாகப் படித்தெடுக்க வேண்டியவை உண்டு. கோவில்களிலும் வீடுகளிலும் மிஞ்சியிருக்கும் பசாம் ஏடுகளில், பிரதி எடுத்தவர் கடைசியில் குறித்த ஊரும் ஆண்டும் உண்டு. அந்த ஏடுகளைத் திரட்டி ஒப்பிடும் வேலையைச் செல்லரிப்பதற்கு முன் செய்துவிட வேண்டும்.