பாரதியை விலைக்கு வாங்கிய கதை

பாரதியார் பாட்டைப் பாட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இது நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். மேடையில பாடலாம், டீ-ஷர்ட்ல அச்சடிச்சு விக்கலாம், புத்தகமாப் போட்டு ராயல்டி தராம இருக்கலாம். ஏன் அப்படின்னு கேட்டா, "அவர் மகாகவி, எல்லாருக்கும் பொது"ன்னு பதில் வரும். அது காரணமே இல்லை. பாரதி இறந்து ஏறத்தாழ 28 வருஷம் அவருடைய பாடல்கள் தனியார் சொத்தாகத்தான் இருந்தன. கை மாறி, துண்டு துண்டாகி, வேறு வேறு ஆட்களிடம் இருந்தன. 1949-ல் அரசாங்கம் அதை வாங்கியதால்தான் இன்னைக்கு நீங்களும் நானும் சும்மா பாடுறோம்.

ஒரு விஷயத்தை முதல்ல சொல்லிடறேன். காப்பிரைட்டை இந்த எபிசோடு முழுக்கப் பதிப்புரிமைன்னுதான் சொல்லப்போறேன். காப்புரிமைன்னு சொன்னா பாதிப் பேர் பேட்டன்ட்னு நினைச்சுக்கறாங்க. அப்புறம், நான் கோடு எழுதுற ஆள், வக்கீல் இல்லை.

1920-லிருந்து ஆரம்பிப்போம். அந்த வருஷம் பாரதி ஒரு சுற்றறிக்கை அனுப்புகிறார். தன் எழுத்துகளை எல்லாம் 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடப் போவதாகத் திட்டம். அச்சுச் செலவுக்குக் கடன் கேட்கிறார். வட்டியோடு திருப்பித் தருவதாகச் சொல்கிறார். தன் புத்தகங்கள் மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி ஊரெல்லாம் விற்கும் என்று நம்புகிறார். இன்னைக்கு ஸ்டார்ட்அப் ஆட்கள் எடுத்துட்டு அலையுற பிட்ச் டெக்குக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மார்க்கெட் கணக்கு உட்பட எல்லாம் இருந்தது. பணம் போட ஆள்தான் வரவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில், 40 வயது ஆகும் முன்பே, இறந்துபோனார்.

வீட்டில் மிச்சம் இருந்தது கையெழுத்துப் பிரதிகள், மனைவி செல்லம்மாள், தங்கம்மாள், சகுந்தலா என்று இரண்டு மகள்கள்.

அப்போது இந்தியாவில் இருந்த பதிப்புரிமைச் சட்டம் 1914-ல் வந்தது. இங்கிலாந்தின் 1911 சட்டத்தைச் சில மாற்றங்களோடு இங்கே கொண்டுவந்தது அது. அதன்படி எழுத்தாளர் இறந்து 50 வருஷம் வரை உரிமை உண்டு. அதாவது பாரதியின் உரிமை 1971 வரை ஓடியிருக்கும். இதற்காக எங்கேயும் பதிவு செய்ய வேண்டியதில்லை. எழுதின நொடியிலேயே உரிமை பிறந்துவிடும். இன்றைக்கும் இதுதான் சட்டம். "நான் ரிஜிஸ்டர் பண்ணலையே, என் டிசைனை எவனாவது எடுத்துக்கிட்டா போச்சா?"ன்னு கேக்கறவங்களுக்கு: போகாது. பதிவு இருந்தால் கோர்ட்டில் சாட்சியாக உதவும், அவ்வளவுதான்.

செல்லம்மாள் முதலில் தானே பதிப்பாளர் ஆனார். பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் 1922-லேயே 'சுதேச கீதங்கள்' வெளிவந்தது. கணவர் இறந்து ஒரு வருஷம் ஆன நிலையில், அந்தக் காலத்தில், ஒரு பெண் இதைச் செய்திருக்கிறார். பாரதி பற்றிய பேச்சில் இதற்கு நாம் கொடுக்கும் இடம் ரொம்பக் குறைவு. ஆனால் தொடர்ந்து நடத்தக் கையில் முதல் இல்லை. பிறகு பாரதியின் தம்பி விசுவநாதன், சகுந்தலாவின் கணவர் நடராஜன், நண்பர் ஹரிஹர சர்மா மூன்று பேரும் சேர்ந்து பாரதி பிரசுராலயம் தொடங்கினார்கள். 1930-களின் தொடக்கத்தில் உரிமை குடும்பத்திடமிருந்து அவர்களுக்கு விற்பனையானது. கடைசியில் விசுவநாதனிடம் மட்டும் வந்து சேர்ந்தது.

பிரசுராலயத்தை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. சிதறிக் கிடந்ததைத் தேடித் தொகுத்து அச்சேற்றியவர்கள் அவர்கள். 1928-ல் பாரதி பாடல்கள் தடை செய்யப்பட்டு, புத்தகங்கள் பறிமுதலானபோது அடி வாங்கியதும் அவர்கள்தான். அந்தத் தடையை எதிர்த்துச் சட்டசபையில் சத்தியமூர்த்தி குரல் எழுப்பியது தனிக் கதை. நம்ம கதைக்கு முக்கியம் அடுத்து நடந்ததுதான்.

விசுவநாதன் புத்தக உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, ஒலி சம்பந்தப்பட்ட உரிமையை மட்டும் தனியாக வெட்டி விற்றார். வாங்கியது சூரஜ்மல் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனம். இங்கே கொஞ்சம் நிக்கணும். பதிப்புரிமைங்கிறது ஒரே பொருள் இல்லை. ஒரு கட்டுச் சாவி மாதிரி. அச்சிடுவது ஒரு சாவி, மொழிபெயர்ப்பது ஒன்று, மேடையில் நடிப்பது ஒன்று, இசைத்தட்டில் பதிவது ஒன்று, படத்தில் சேர்ப்பது இன்னொன்று. ஒவ்வொன்றையும் தனித்தனி ஆளுக்கு விற்கலாம். அப்போதும் விற்கலாம், இப்போதும் விற்கலாம்.

பாரதி இறந்த 1921-ல் இந்தியாவில் பேசும் படமே கிடையாது. முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' வந்தது 1931-ல். மெட்ராசில் ரேடியோ கிளப் வந்தது 1924-ல். ஆக, எழுதியவர் உயிரோடு இருந்தபோது அந்தச் சாவி திறக்கும் அறையில் பெரிசா ஒண்ணுமில்லை. 15 வருஷத்தில் அந்த அறையில்தான் பணம் இருந்தது.

அதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஏவி.எம். நிறுவனர் ஏ.வி. மெய்யப்பன். சினிமாவுக்கு வரும் முன்பே சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் இசைத்தட்டுத் தொழிலில் இருந்தவர். சூரஜ்மல்லிடமிருந்து பாரதி பாடல்களின் ஒலி உரிமையை விலைக்கு வாங்கினார். 1947 தொடக்கத்தில் வந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் ஊரையே புரட்டிப் போட்டன. சுதந்திரத்துக்குச் சில மாதங்கள்தான் இருந்தன. அந்தப் பாடல்களுக்கு அதைவிட நல்ல நேரம் அமைந்திருக்காது.

அடுத்த வருஷம் டி.கே.எஸ். சகோதரர்கள் எடுத்த 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டு வந்தது. ஏவி.எம். ஆட்சேபித்து, சட்ட நடவடிக்கையில் இறங்கியது. இசைத்தட்டு, சினிமா உரிமை தங்களுடையது என்பது அவர்கள் வாதம். சட்டப்படி பார்த்தா அவங்க தப்பு எதுவும் பண்ணலைன்னுதான் நான் நினைக்கிறேன். காசு கொடுத்து வாங்கினாங்க, காகிதம் கையில இருந்தது. "ஏவி.எம். பாரதியையே வாங்கி வெச்சிருந்தார்"னு இன்னைக்கும் சில பேர் சொல்வாங்க. அதுவும் சரி இல்லை. அவரிடம் இருந்தது ஒலிச் சாவி மட்டும். அச்சுச் சாவி கடைசி வரைக்கும் விசுவநாதனிடம்தான் இருந்தது.

ஆனால் வெளியே ஜனங்களுக்கு இந்தச் சாவிக் கணக்கு செல்லுபடி ஆகவில்லை. நாடு விடுதலை ஆகிவிட்டது, அந்த விடுதலையைப் பாடினவனுக்கு ஓனர் இருக்கிறாரா? 1947 அக்டோபரில்தான் எட்டயபுரத்தில் மக்கள் பணத்தில் பாரதிக்கு மணிமண்டபம் திறந்திருந்தார்கள். பாரதியைப் பொதுச்சொத்து ஆக்கு என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் இயக்கமாகக் கிளம்பினார்கள். நாரண துரைக்கண்ணனும் டி.கே. சண்முகமும் திருநெல்வேலிக்குப் போய்ச் செல்லம்மாளைச் சந்தித்துச் சம்மதம் கேட்டார்கள். சட்டத்தின் கண்ணில் அந்தச் சம்மதத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. அவரிடம் விட்டுக்கொடுக்க எந்த உரிமையும் மிச்சமில்லை. இருந்தாலும் அவரைக் கேட்காமல் செய்ய இவர்களுக்கு மனசு வரவில்லை. ஆ.இரா. வேங்கடாசலபதி இந்த விவகாரத்தைப் பற்றி 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' என்று தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார், படிக்கலைன்னா படிங்க.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு 1949 மார்ச்சில் உரிமையை எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. மெய்யப்பன் தன் பங்கைக் காசு வாங்காமல் கொடுத்தார். விசுவநாதனுக்குப் பணம் கொடுக்கப்பட்டது. செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் தலா 5,000 ரூபாய். அதுவும் உரிமைக்கான விலை இல்லை, உதவித்தொகை மாதிரி. விற்க அவர்களிடம் எதுவும் இல்லையே. அரசு சிலகாலம் தானே பதிப்பித்தது. 1950-களின் நடுவில் யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்று திறந்துவிட்டது. செல்லம்மாள் இறந்தது 1955-ல்.

20 வருஷம் முன்னால் இதே பாடல்களைப் பறிமுதல் செய்ததும் ஒரு சென்னை அரசாங்கம்தான்.

இந்தக் கதைக்கு நேர் எதிர் ஒன்று வங்காளத்தில் இருக்கிறது. தாகூரின் உரிமை விஸ்வபாரதியிடம் இருந்தது. அவர் இறந்தது 1941. ஐம்பது வருஷக் கணக்குப்படி 1991 முடிவில் எல்லாம் பொதுவாகியிருக்க வேண்டும். முடிய இருந்த டிசம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டுக் காலத்தை 60 ஆக்கியது. தாகூருக்கு மட்டும் இல்லை, நாட்டிலுள்ள அத்தனை எழுத்தாளர்களுக்கும். இன்னைக்கு இந்தியாவில் நாம் சொல்ற "இறந்து 60 வருஷம்" கணக்கு அங்கிருந்து வந்தது. உரிமை கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு தேபப்ரத பிஸ்வாஸ் சாட்சி. ரவீந்திர சங்கீதத்தில் பெரிய பாடகர்; அவர் பாடும் முறை சரியில்லை என்று விஸ்வபாரதி இசைக்குழு ஆட்சேபித்தது, வெறுத்துப்போய் ஒலிப்பதிவு செய்வதையே நிறுத்திவிட்டார். பாரதிக்கு அப்படி ஒரு வாயிற்காவலர் இல்லாததால்தான் கச்சேரி மேடையிலிருந்து ராக் பேண்டு வரைக்கும் ஆளாளுக்கு மெட்டுப் போட்டார்கள்.

தமிழ்நாட்டில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பாரதிதாசன், அண்ணா, கல்கி, ம.பொ.சி. என்று பட்டியல் நீளம். வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து அரசு நாட்டுடைமை ஆக்குகிறது. 'பொன்னியின் செல்வன்' ஏன் எல்லாப் புத்தகக் கடையிலும் நாலு பதிப்பகம் பேர்ல கிடைக்குதுன்னு இப்ப புரியும். ஆனா கதைக்குக் கிடைச்ச விடுதலை, தொடருக்கு மணியம் வரைஞ்ச ஓவியங்களுக்குத் தானா வந்துடாது. தம்ப்நெயிலுக்கு வந்தியத்தேவன் படத்தை எடுத்துப் போடறவங்க இதைக் கவனிக்கணும்.

சரி, இப்ப அடிக்கடி வர்ற சந்தேகம். பாரதி பாட்டுதானே, பொதுதானே, அப்புறம் ஏன் என் வீடியோவுக்கு யூடியூப்ல கிளெய்ம் வருது? ஏன்னா பொதுவானது வரிகள் மட்டும். அதுக்கு ஒரு இசையமைப்பாளர் போட்ட மெட்டு அவர் இறந்து 60 வருஷம் வரை தனி உரிமை. அந்த ஒலிப்பதிவு வெளியாகி 60 வருஷம் வரை அது இன்னொரு உரிமை. 2000-ல் வந்த 'பாரதி' படத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்துப் போட்டீங்கன்னா, வரி இலவசம், மற்ற ரெண்டும் இல்லை. நீங்களே மெட்டுப் போட்டு, நீங்களே பாடினா மூணு சாவியும் உங்ககிட்ட. அதுக்குக் கிளெய்ம் வந்தா தைரியமா டிஸ்ப்யூட் பண்ணுங்க, எந்த உரிமையின் பேரில் கேக்கறீங்கன்னு கேளுங்க. பதிப்பாசிரியர் எழுதின அடிக்குறிப்பு, முன்னுரையும் பொது இல்லை. மின்நூல் போடறவங்க அதையும் சேர்த்து ஸ்கேன் பண்ணிடறாங்க.

எனக்கு இந்தக் கதையில உறுத்தறது செல்லம்மாள் கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதம்தான். அவருக்கு இருந்த நெருக்கடியில் வேறு வழி இருந்திருக்குமா என்று தெரியவில்லை. ஆனால் அதே மாதிரிக் காகிதம் இன்னைக்கு இல்லஸ்ட்ரேட்டருக்கும், ஜிங்கிள் போடறவருக்கும், கதை எழுதறவருக்கும் வாட்ஸ்அப்ல பிடிஎஃப்பா வருது. "தற்போது உள்ள, இனி வரவிருக்கும் அனைத்து ஊடகங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக"ன்னு ஒரு வரி இருக்கும். அட்வான்ஸ் வருதேன்னு கீழே ஸ்க்ரோல் பண்ணி சைன் போட்டுடுவோம்.

சட்டம் இப்ப கொஞ்சம் நம்ம பக்கம் நிக்குது. ஒப்பந்தத்தில் எத்தனை வருஷம்னு எழுதலைன்னா 5 வருஷம்தான். எந்த ஊர்னு எழுதலைன்னா இந்தியா மட்டும்தான். 2012 திருத்தத்துக்குப் பிறகு, கையெழுத்துப் போட்ட நாளில் இல்லாத ஊடகத்துக்கு அந்த ஒப்பந்தம் செல்லாது; அந்த ஊடகத்தைக் குறிப்பிட்டு எழுதியிருந்தால் மட்டும் செல்லும். படத்துக்குப் பாட்டு எழுதறவரும் இசையமைக்கிறவரும் தியேட்டருக்கு வெளியே அந்தப் பாட்டு பயன்படும்போது வர்ற ராயல்டியில் தங்கள் பங்கை, வாரிசுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் தவிர, எழுதிக் கொடுத்தாலும் செல்லாது.

"எவ்வளவு காலம்"கிற இடம் காலியா இருந்தா அப்படியே விடுங்க, சட்டம் அதை உங்களுக்குச் சாதகமா நிரப்பும். "நிரந்தரமாக"ன்னு இருந்தா அதை அடிச்சிட்டு மூணு வருஷம்னு எழுதித் திருப்பி அனுப்பிப் பாருங்க. பல பேர் மறுபேச்சில்லாம ஒத்துக்குவாங்க. அந்த வரியை அவங்களும் எங்கிருந்தோ காப்பி பேஸ்ட் பண்ணினதுதான்.

அடுத்த எபிசோடுல கடைப் பேரும் லோகோவும்: ட்ரேட்மார்க் பத்திப் பேசுவோம்.