எச்.ஐ.வி. குணப்படுத்தல் ஆய்வில் சிகிச்சை மருத்துவரின் பங்கு

எச்.ஐ.வி.யை உடலிலிருந்து அறவே நீக்கவோ, மருந்தின்றி அடங்கியிருக்கச் செய்யவோ முயலும் ஆய்வுகளைப் பற்றித் தொற்றுள்ளவருக்கு எடுத்துச் சொல்வது, சேர்வதா வேண்டாமா என்று அவர் முடிவெடுக்கத் துணைநிற்பது, சேர்ந்தால் அவர் உடல்நிலையைக் கவனித்துவருவது ஆகியவை சிகிச்சை மருத்துவரின் பணியில் அடங்கும். ஆய்வகம் எங்கே இருந்தாலும், இந்தப் பேச்சு பெரும்பாலும் தொடங்குவது நோயாளி ஆண்டுக்கணக்கில் மாத்திரை வாங்கிவரும் மருத்துவரின் அறையில்தான்.

எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை ஒழுங்காக எடுப்பவரின் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்நிலை நீடிக்கும்வரை உடலுறவு வழியாகப் பிறருக்குத் தொற்றாது. ஆனாலும் ஓய்வு நிலையிலுள்ள சிடி4 நோயெதிர்ப்பு அணுக்களுக்குள் வைரஸ் ஒளிந்திருக்கும். இப்படி ஒளிந்துள்ள வைரஸ் இருப்பு பாதியாகக் குறைய ஏறத்தாழ 44 மாதங்கள் ஆகும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் சிலிசியானோ குழு கணக்கிட்டது. 10 லட்சம் அணுக்கள் கொண்ட இருப்பு கரைய 70 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். ஒரு புதிய முறை பலித்ததா என்பதை உறுதிசெய்ய, இன்றைய நிலையில் மருந்தை நிறுத்திப் பார்த்தாக வேண்டும். நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரங்களில் வைரஸ் திரும்பிவிடுகிறது.

மருத்துவர்கள் தயங்குவது இங்கேதான். அந்தத் தயக்கத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. 5,472 பேர் பங்கேற்ற ஸ்மார்ட் ஆய்வு, மருந்தை விட்டுவிட்டு எடுத்தவர்களிடையே நோயும் மரணமும் கூடியதை 2006இல் காட்டியது. "ஒரு நாள்கூட விடாதீர்கள்" என்று சொல்லிவந்த அதே வாய் எப்படி "நிறுத்திப் பார்க்கலாம்" என்று சொல்லும்? ஆனால் இன்றைய ஆய்வுகளில் நிறுத்தும் காலம் குறுகியது. இரத்தப் பரிசோதனை அடிக்கடி நடக்கும். வைரஸ் அளவோ சிடி4 எண்ணிக்கையோ குறித்த எல்லையைத் தாண்டினால் மருந்து மீண்டும் தொடங்கும். வைரஸ் திரும்பும் நாட்களில் துணைவருக்குத் தொற்றும் ஆபத்து உண்டு. ஐரோப்பிய ஆய்வுகளில் அப்படி நேர்ந்தும் இருக்கிறது. ஆகவே துணைவருக்கான முன்தடுப்பு மாத்திரை பற்றியும் முன்கூட்டியே பேசியாக வேண்டும்.

சில சமயம் ஆய்வுக்கே விதை போடுவது மருத்துவரின் கவனிப்புதான். 2010இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில், தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் 30 மணி நேர அளவிலேயே மூன்று மருந்துகளைத் தொடங்கினார் குழந்தை மருத்துவர் ஹன்னா கே. ஒன்றரை வயதுக்குப் பின் சிகிச்சை விட்டுப்போனது. சில மாதங்கள் கழித்துக் குழந்தை திரும்பி வந்தபோது வைரஸ் ஏறியிருக்கும் என்றுதான் அவர் நினைத்தார். அது தென்படவே இல்லை. மறுபடி சோதித்துவிட்டு ஆய்வாளர் கேத்ரின் லுசூரியாகாவைத் தொடர்புகொண்டார். டெபோரா பெர்சாட் உள்ளிட்டோரின் விரிவான சோதனைகளுக்குப் பின் 2013இல் செய்தி உலகெங்கும் பரவியது. மருந்தில்லாமல் 27 மாதங்கள் கழிந்தபின், 2014இல் வைரஸ் திரும்பியது. நம்பிக்கை குலைந்தாலும், பிறந்தவுடன் தீவிர சிகிச்சை தரும் முறையைச் சோதிக்கும் பன்னாட்டு ஆய்வு அதிலிருந்தே உருவானது.

பெர்லினில், எச்.ஐ.வி.யிலிருந்து பின்னர் குணமடைந்த திமோத்தி ரே பிரவுனுக்கு இரத்தப் புற்றுநோய் சிகிச்சை அளித்த கெரோ ஹூட்டர் எச்.ஐ.வி. நிபுணரே அல்லர், இரத்தவியல் மருத்துவர். வைரஸ் நுழையும் வாசலான சிசிஆர்5 இல்லாத கொடையாளரின் ஸ்டெம் செல்களைச் செலுத்தலாம் என்பது அவர் யோசனை. பொருந்தக்கூடியவர்களில் 61ஆவது ஆளிடம் சிசிஆர்5 இல்லாமல் போகச் செய்யும் மரபு மாற்றம் இருந்தது. புற்றுநோய் தணிந்திருந்ததால் பிரவுன் முதலில் மறுத்துவிட்டார். நோய் திரும்பிய பின்னரே சம்மதித்தார். 2007இல் மாற்றுச் சிகிச்சை நடந்தது. அந்த மறுப்பால் அவருடைய சிகிச்சை நின்றுவிடவில்லை என்பதை, வெற்றிக் கதையைச் சொல்பவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. புற்றுநோய் இல்லாதவருக்கு இந்தச் சிகிச்சையின் உயிராபத்து மிகப் பெரிது. "எனக்கும் செய்வீர்களா?" என்று கேட்டு வருபவரிடம் இதைப் பூசிமெழுகாமல் சொல்ல வேண்டும்.

தொடக்கக் கட்ட ஆய்வுகளில் பங்கேற்பாளருக்கு நேரடிப் பலன் கிட்டுவது அரிது. ஆனால் தன் மருத்துவரே சொன்னால் நன்மைக்குத்தான் சொல்வார் என்று நோயாளி எடுத்துக்கொள்வது இயல்பு. ஆய்வாளரும் மருத்துவரும் ஒருவராகவே இருக்கும் இடங்களில் ஒப்புதல் பெறும் பொறுப்பை மூன்றாமவர் ஒருவரிடம் விடுவதே முறை.

உலகில் தொற்றுள்ளவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆய்வுகளில் சேர்பவர்களோ பெரும்பாலும் ஆண்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் அருகே உம்லாசியில் இயங்கும் 'ஃப்ரெஷ்' திட்டம் இதற்கு மாற்றுவழி கண்டது. தொற்றில்லாத இளம்பெண்கள் வாரம் இருமுறை வந்து பரிசோதனை செய்துகொள்கிறார்கள். கூடவே வாழ்க்கைத் திறன், வேலைவாய்ப்புப் பயிற்சியும் உண்டு. தொற்று தெரிந்தால் உடனடியாகச் சிகிச்சை தொடங்கும். இப்படி ஏற்கெனவே பழகிய பணியாளர்களின் வழியாக, எதிர்ப்பான்களையும் நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்தையும் சேர்த்துத் தந்து ஏ.ஆர்.டி.யை நிறுத்திப் பார்த்த ஆய்வில் 20 பெண்கள் பங்கேற்றனர்.