கொல்லை வாரம்

இந்த மலருக்கு எங்கள் குழுவின் வரலாறு எழுதச் சொன்னார்கள். சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் கூட்டமைப்புப் பேரேட்டில் இருக்கு. அதில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன்: பெரிய தெருப் பாட்டி வீட்டுக் கொல்லையில் நாங்கள் ஆறு பேர் காய்கறி போட்ட கதை.

அதுக்கு முன்னால கொஞ்சம் பழசு சொல்லணும். எங்க தஞ்சாவூர்ப் பக்கம், அடுத்தவர் நிலத்தில் பாடுபட்டு விளைச்சலில் பங்கு வாங்குவதற்கு வாரம் என்று பேர். வயலுக்குத்தான் வாரம். என் அம்மாச்சி ஒரு மிராசு வீட்டுக் கொல்லையில் சாணி கரைத்து ஊற்றி, அவரைக்குப் பந்தல் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவர். பந்தல் நிறையக் காய் தொங்கும். அம்மாச்சி கை வைக்கக் கூடாது. அந்த வீட்டு அம்மா முற்றினதாகப் பார்த்து நாலு பறித்து முந்தானையில் போட்டால் உண்டு. கொல்லைப் படல் வழியாகப் போய், அதே வழியாகத் திரும்பணும்.

1952-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வாரதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றது. 1955-ல், சாகுபடி செய்கிற குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று இன்னொரு சட்டம். அடுத்த வருஷம், நன்செயில் நிலத்துக்காரர் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று ஒன்று. பெரிய காரியந்தான். அம்மாச்சியின் அவரைக்காய் மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. 1955 சட்டத்தில் வாய்ச்சொல் ஒப்பந்தமும் செல்லும் என்பதால் வேறொன்றும் நடந்தது. "முள்ளு மண்டினாலும் மண்டட்டும், ஒருத்தரையும் உள்ள விடமாட்டேன்" என்று எங்க ஊரில் பலர் இடத்தைச் சும்மாவே போட்டுவைத்தார்கள்.

1989-ல் தருமபுரியில் ஆரம்பித்த சுயஉதவிக் குழுக்கள், பிறகு மகளிர் திட்டமாகி எங்க ஊருக்கும் வந்தன. குழு தொடங்கின மூணாம் வருஷம் பாட்டி எங்களைக் கூப்பிட்டார். பிள்ளைகள் வெளியூரில். கொல்லை முழுக்க நாயுருவி. "கிணத்துல தண்ணி கெடக்கு. களையை எடுத்துட்டு நீங்களும் ஏதாவது போட்டுக்குங்களேன்" என்றார்.

எங்க ஊக்குநர் அக்கா வாய்ப்பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தீர்மான நோட்டில் எழுதினோம்: நிலமும் தண்ணீரும் பாட்டியுடையது. விதையும் வேலையும் எங்களது. காயில் மூன்றில் ஒரு பங்கு பாட்டிக்கு. தென்னையும் முருங்கையும் அவருக்கே. இடத்தில் எங்களுக்கு உரிமை கிடையாது. கேட்டால், நிற்கிற பயிரின் அறுவடை முடிந்ததும் விட்டுவிடுவோம்.

இந்தக் கடைசி வரிக்கு ரெண்டு வாரம் சண்டை. அம்மாச்சிக்குக் கிடைக்காததை நாமே எழுதிக் கொடுத்து விடணுமா என்று கேட்டேன். "எழுதலைன்னா படலே தெறக்காதுடி" என்றார் அக்கா. கையெழுத்துப் போட்டேன். சரியாகச் செய்தேனா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

ஆடிப் பட்டத்தில் அவரை, பீர்க்கு, பாகல். நடுவில் கத்தரி, வெண்டை, ஒரு பாத்தி கீரை. பறித்ததை வாசல் திண்ணையில் வைத்துத்தான் நிறுப்போம். அதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பாட்டி தன் பங்கை அக்கம்பக்கத்துக்குச் சும்மா கொடுத்துவிடுவார். நாங்கள் கிலோ கணக்கில் விற்கிற அதே தெருவில்! முணுமுணுத்தோம். அவர் பங்கு, அவர் இஷ்டம். முருங்கையில் கம்பளிப்பூச்சி வந்தபோது, மரம் எங்களுடையது இல்லை என்று ஒரு நாள் பேசாமல் இருந்தோம். மறுநாள் நாங்கள்தான் தீப்பந்தம் காட்டினோம்.

ஒரு விடியக்காலை, தண்ணீர் ஊற்றப் போன எங்கள் உறுப்பினர்தான் பாட்டி கிணற்றடியில் விழுந்து கிடந்ததைப் பார்த்தார். மாத்து ஏற்பாடு போட்டு ராத்திரித் துணைக்கு ஒருத்தி போய்ப் படுத்தோம். அது நோட்டில் இல்லாத வேலை.

நாலாம் வருஷம் ஐப்பசியில் பாட்டி போய்விட்டார். அவரை பூத்திருந்த நேரம். மகன் வந்தார், இடத்தை விற்கப் போவதாகச் சொன்னார். நோட்டைக் காட்டினோம். இரண்டு முறை படித்தார். "அறுவடைன்னு எழுதியிருக்கே. அப்ப தை வரைக்கும் இருக்கட்டும்" என்றார். நான் எதிர்த்த அதே வரி.

பொங்கல் வரை பறித்தோம். அவர் பங்கையும் நிறுத்து வைத்தோம். வேண்டாம் என்றவர், கிளம்பும்போது ஒரு பை அவரைக்காய் வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது அங்கே மாடி வீடு. விதையைச் சாம்பலில் புரட்டி வருஷா வருஷம் எடுத்து வைக்கிறேன். வேண்டும் என்கிறவர்கள் ஆடிக்கு முன்னால் கூட்டமைப்புக் கூட்டத்தில் என்னைக் கேளுங்கள்.