இறைச்சி உலர்த்தியது

இறைச்சி உலர்த்தியது என்பது மாட்டிறைச்சியை மசாலாவில் வேகவைத்து, தேங்காய்ச் சில்லும் கறிவேப்பிலையும் சேர்த்து, தேங்காய் எண்ணெயில் ஈரம் போக வறுத்தெடுக்கும் கேரளச் சமையல். மலையாளிகள் பேச்சில் 'பீஃப் உலர்த்தியது' என்பார்கள். மத்திய கேரளத்துக் கிறித்தவ வீடுகளில் வேர்கொண்ட இந்தப் பண்டம் இன்று சாயாக்கடை, கள்ளுக்கடை, நெடுஞ்சாலை ஓட்டல் என எங்கும் கிடைக்கிறது. 'பீஃப்' என்ற பெயரில் பல இடங்களில் விற்பது போத்து, அதாவது எருமை இறைச்சி. கொச்சி வட்டாரத்திலும் திருச்சூர்ப் பக்கத்திலும் இதில் நேந்திரங்காயோ கூர்க்கைக் கிழங்கோ சேர்ப்பதுண்டு. தேங்காயை வைத்தே இறைச்சியை வறட்டும் இந்த முறையை ஒத்தது இந்தோனேசியாவின் ரெண்டாங்.

வல்லார்பாடமும் கடல்வழியும்

இந்தப் பண்டத்தின் மசாலா வந்த வழியை அறியக் கொச்சிக் காயலைப் பார்க்க வேண்டும். அங்கே போல்காட்டிக்கும் வைப்பீனுக்கும் இடையில் இருக்கும் தீவு வல்லார்பாடம். வல்லார்பாடத்தம்மையின் பசிலிக்காவாலும், 2011இல் திறக்கப்பட்ட சரக்குப் பெட்டக முனையத்தாலும் வெளியூராருக்குத் தெரிந்த ஊர். கோஸ்ரீ பாலங்கள் 2004இல் வரும்வரை எர்ணாகுளம் சந்தைக்குப் போக இத்தீவு மக்களுக்குப் படகுதான் வழி. மிளகு, ஏலம், கிராம்பு, பட்டை எல்லாம் காயலுக்கு அந்தப் பக்கம் மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் குவிந்தன. உலர்த்தியதின் காரத்தில் இந்த வணிகத்தின் இரண்டு காலங்கள் கலந்திருக்கின்றன: மிளகு இந்த மண்ணுக்கே உரியது, மிளகாய் போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. இரண்டில் ஒன்றைக் குறைத்தாலும் ருசி நொண்டும்.

1663இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். அவர்களுடைய ஆசியத் தலைமையிடம் பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. வல்லார்பாடத்துக்கு அடுத்த தீவில் 1744இல் அவர்கள் கட்டிய போல்காட்டி அரண்மனை இன்னும் நிற்கிறது. 1795இல் கொச்சி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1814ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் டச்சுக்காரர்கள் கொச்சியை முறைப்படி விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகச் சுமத்திராவை ஒட்டிய பங்கா தீவைப் பெற்றுக்கொண்டார்கள். ஒரு துறைமுகத்துக்கு ஒரு தீவு என்று பண்டமாற்று நடக்கும் அளவுக்கு இந்த இரண்டு கரைகளும் ஒரே வணிக வலையில் இருந்தன. அதற்காக உலர்த்தியது ரெண்டாங்கின் பிள்ளை என்று சொல்லிவிட முடியாது. தென்னையும் மசாலாவும் மழையும் ஒன்றாக இருக்கும் இரண்டு நாடுகள், இறைச்சி கெடாமல் இருக்கத் தத்தம் வழியில் கண்ட முறைகள் இவை என்பதே பொருத்தம்.

ரெண்டாங்

மேற்குச் சுமத்திராவின் மினாங்கபாவ் மக்களின் சமையல் ரெண்டாங். எலுமிச்சைப்புல், பேரரத்தை, மஞ்சள் இலை, இஞ்சி, வெங்காயம், மிளகாய் அரைத்த விழுதோடு மாட்டிறைச்சியைத் தேங்காய்ப்பாலில் போட்டு மணிக்கணக்காகக் காய்ச்சுவார்கள். குழம்பாக இருக்கும்போது குலாய், சுண்டிக் கூழானால் கலியோ, பால் முழுவதும் வற்றி, பிரிந்த எண்ணெயில் இறைச்சியே வறுபட்டுக் கறுத்தால் ரெண்டாங். சின்ன உருளைக்கிழங்கோ சிவப்புக் காராமணியோ சேர்ப்பவர்களும் உண்டு. புளிப்புக்கு அவர்கள் போடும் 'ஆசம் கண்டிஸ்' நம் குடம்புளியின் இனத்தைச் சேர்ந்தது. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு ரெண்டாங் புதிதல்ல. மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் கோழியிலும் ஆட்டிலும் செய்துகொள்கிறார்கள்.

மலையாளி தேங்காயைப் பாலாகப் பிழிவதில்லை, பல்லுப் பல்லாக நறுக்கிப் போடுகிறார். எண்ணெயைத் தனியாக ஊற்றுகிறார். மற்றபடி இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: முதலில் வேக வேண்டும், பிறகு வறள வேண்டும்.

வீட்டில் செய்யும் முறை

ஒரு கிலோ இறைச்சியைச் சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்க வேண்டும். பெரிய துண்டு இந்தப் பண்டத்துக்கு ஆகாது. முன்தொடைக் கறி நல்லது. கொஞ்சம் கொழுப்பும் சவ்வும் இருக்கட்டும் என்று கசாப்புக் கடையிலேயே சொல்லி வாங்க வேண்டும். மூன்று மேசைக்கரண்டி மல்லித்தூளையும் ஒரு மேசைக்கரண்டி மிளகாய்த்தூளையும் வெறும் சட்டியில் பச்சை வாசம் போக வறுத்து, அரைக் கரண்டி மஞ்சள்தூள், உப்பு, நசுக்கிய இஞ்சி பூண்டு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், கால் கோப்பைத் தேங்காய்ச் சில்லு, இரண்டு ஈர்க்குக் கறிவேப்பிலை ஆகியவற்றோடு இறைச்சியில் போட்டுக் கையால் பிசைந்து அரைமணி நேரம் வைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றத் தேவையே இல்லை, இறைச்சி விடும் நீர் போதும். அடிபிடிக்குமோ என்று பயப்படுபவர்கள் கால் கோப்பை விடலாம். குக்கரில் ஐந்தாறு விசில். முற்றிய போத்து என்றால் கூடுதலாக.

இனிமேல்தான் முக்கியமான வேலை. உருளியிலோ கனத்த இரும்புச் சட்டியிலோ நான்கு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயைக் காயவைத்து, இன்னும் கொஞ்சம் தேங்காய்ச் சில்லைப் பொன்னிறமாக்கி, நறுக்கிய சின்ன வெங்காயம் கால் கிலோவை வதக்கி, வெந்த இறைச்சியைச் சாறோடு கொட்ட வேண்டும். சாறு இருக்கும்வரை சட்டியின் சூடு 100 பாகை செல்சியசைத் தாண்டாது. அதுவரை நடப்பது வேகல் மட்டும். சவ்விலுள்ள கொலாஜன் கரைந்து கறி மெதுவாவது அந்தக் கட்டத்தில்தான். சாறு முழுவதும் வற்றிய பிறகே சூடு ஏறி, புரதமும் சர்க்கரையும் கூடி நிறமும் மணமும் பிறக்கும். பிரெஞ்சு வேதியியலாளர் மெயிலார்டு 1912இல் விவரித்த வினை இது. சட்டியில் கொதிக்கும் சத்தம் ஓய்ந்து சீறும் சத்தம் கேட்கத் தொடங்குவதே அதற்கு அடையாளம். அங்கிருந்து சிறுதீயில் இருபது நிமிடம், அடி ஒட்டாமல் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டல்களில் அவசரத்துக்கு மசாலாத்தூளைக் கூட்டிக் கறுப்பாக்குவதுண்டு. அது நிறத்தைத் தருமே தவிர இந்த ருசியைத் தராது. கடைசியில் ஒரு மேசைக்கரண்டி இடித்த மிளகு, சோம்பும் பட்டையும் கிராம்பும் ஏலமும் பொடித்த தூள், இன்னும் கொஞ்சம் கறிவேப்பிலை.

காய் சேர்ப்பதானால் நேந்திரங்காயின் மேல்தோலை மட்டும் சீவி, சதுரமாக நறுக்கி, மஞ்சள் கலந்த நீரில் போட்டுப் பிசுக்கு நீக்கி, தனியாக முக்கால் பதம் வேகவைக்க வேண்டும். இறைச்சியோடு குக்கரில் போட்டால் கரைந்துவிடும். தமிழ்நாட்டில் சிறுகிழங்கு எனப்படும் கூர்க்கையில் மண் அதிகம். ஊறவைத்து, சாக்கில் கட்டிக் கல்லில் அடித்துத் தேய்த்தால் தோல் உரிந்துவிடும். ஒவ்வொன்றாகச் சுரண்டுபவர்களின் விரல் கறுத்துப் போகும். முன்னதாகக் கையில் எண்ணெய் தடவிக்கொள்வது வழக்கம். சாறு பாதி வற்றும்போது காயைச் சேர்த்தால் மசாலாவைக் குடித்துக்கொள்ளும். கிழங்கின் மாவு காரத்தையும் சற்றுத் தணிக்கும்.

பரிமாறலும் பத்திரப்படுத்தலும்

தவக்காலத்தில் இறைச்சியை விலக்கும் வீடுகளில் ஈஸ்டர் காலையில் பாலப்பத்தோடும், மற்ற நாட்களில் சோறு, பரோட்டா, வேகவைத்த கப்பை எனும் மரச்சீனியோடும் இதை உண்கிறார்கள். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த கன்னியாகுமரி மாவட்டத்திலும் மரச்சீனிக் கிழங்கும் மாட்டுக்கறியும் பிரியாத இணை. செய்த அன்றைவிட மறுநாள் மசாலா உள்ளே இறங்கி ருசி கூடும். நன்கு வறண்டதை ஈரமில்லாத பாத்திரத்தில் மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் இருக்கும். வேண்டிய அளவை மட்டும் எடுத்து, தண்ணீர் தெளிக்காமல் இரும்புச் சட்டியில் சூடாக்க வேண்டும்.